இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன்



சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் தோட்டத்து லாரி ஓட்டுநராக இருந்தவர். ஓய்வுபெற்றுப் போன கண்டக்டர் ஐயா ஒருவரிடமிருந்து ஒரு மோரிஸ் மைனர் காடியை வாங்கிப் பல காலம் ஓட்டியிருக்கிறார். பெரியவர் கண்ணை மூடிய பிறகு அந்தக் காடி லயத்துக்குப் பின்னால் பலா மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகன், தாத்தாவின் காடியை எப்படியாவது ஓட வைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வந்து பார்த்த போமன், "எஞ்சின் ஜாம், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கையை விரித்துவிட்டார். பழைய இரும்பு வாங்குகிறவரோ இரண்டு தடவை வந்து எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் தடவை லாரியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "கொடுத்துவிடட்டுமா, ஆசிரியர் ஐயா? பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று சகோதரி கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பதினைந்து நாள் பொறுங்கள். இரும்புக்காரர் எங்கும் ஓடிவிட மாட்டார். இரும்பு விலையும் பதினைந்து நாளில் பாதாளத்துக்குப் போய்விடாது.

"ஜாம்" என்ற சொல்லைக் கேட்டு அஞ்சவேண்டாம். காய்ச்சல் என்று டிரெசரிடம் போனால், அவர் எதனால் காய்ச்சல் என்று பார்ப்பாரா, மாட்டாரா? எஞ்சின் சுற்றவில்லை என்றால் எது இறுகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சில வேளைகளில் எஞ்சினுக்கு ஒன்றுமே இராது.

ஆனால் எஞ்சினைத் தொடுமுன் தம்பி செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. காடியின் அடிப்பகுதியைப் பார்க்கவேண்டும். மோரிஸ் மைனருக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனியாகச் சட்டம் கிடையாது. தகடே எலும்பு, தகடே தோல். தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் நீண்ட பெட்டிப்பகுதி, பின்பக்கத்துப் பட்டைச் சுருள்கள் பொருந்துகிற இடம், இவற்றைத் திருப்புளியின் முனையால் குத்திப் பார்க்கட்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். குத்திய இடமெல்லாம் பிஸ்கட்டாக உதிர்ந்தால், சகோதரி, இரும்புக்காரருக்கு ஆள் அனுப்புங்கள். எஞ்சினை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஓடாத எஞ்சினை ஓட வைக்கலாம். அழுகிய காடியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக முடியாது.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இந்தக் காடியின் கதையைச் சற்றுச் சொல்லவேண்டும். உதிரிச் சாமான் கிடைக்குமா என்ற கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. மோரிஸ் மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காடியை உண்டாக்கியவரும் அவரே. மைனரின் மாதிரிக் காடி தயாரான பிறகு அது மிகவும் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியதாம். காடியை நெட்டுவாக்கில் இரண்டாக அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து, இதுதான் சரி என்றாராம். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டைப் பட்டை அந்த நாலு அங்குலத்தின் அடையாளம். சந்தேகமிருந்தால் பலா மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள்.

பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காடி இதுதான். அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் கிராணிமார்களும் டிரெசர்களும் ஆசிரியர்களும் இதை விரும்பி வாங்கினார்கள். உற்பத்தி 1971-இல் நின்றது. ஆனால் 1952 முதல் இதற்குப் பொருத்தப்பட்ட 'ஏ சீரீஸ்' என்னும் எஞ்சின் அதோடு நிற்கவில்லை. 1951-இல் ஆஸ்டின் ஏ30 காடியில் தொடங்கிய அந்த எஞ்சின் வமிசம், 2000-ஆம் ஆண்டில் கடைசி மினி காடி தொழிற்சாலையை விட்டு இறங்கும்வரை ஓடியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு! மோரிஸில் அது முதலில் 803 சி.சி., 1956 முதல் 948 சி.சி., 1962 முதல் 1098 சி.சி. ஆக இந்த எஞ்சினின் பிஸ்டன், ரிங், வால்வு, காஸ்கெட் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. நம்மைப்போலவே மைனர் காடியை விடாமல் பிடித்துக்கொண்ட இலங்கையில், அதன் உடல் தகடுகளைக் கையால் அடித்துச் செய்து, 1990-களில் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். காடி பிறந்த ஊருக்கே இலங்கைக் கொல்லர்கள் தகடு அனுப்பினார்கள் என்றால் பாருங்களேன்.

இனி மரத்தடிக்கு வருவோம். பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, மூன்று காரியங்களைப் பார்க்கவேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறிய பற்சக்கரம், எஞ்சினின் பெரிய சக்கரத்துப் பற்களில் சிக்கிக்கொண்டு நிற்பதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எஞ்சின் ஜாம் ஆனதுபோலவே தெரியும். ஸ்டார்ட்டரின் பின்முனையில் ஒரு சிறு மூடிக்குள் சதுரமான தண்டு முனை இருக்கும். அதை ஸ்பேனரால் திருப்பினால் சிக்கல் விடுபட்டுவிடும். அடுத்து, காற்றாடிப் பட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். தண்ணீர் பம்பு அல்லது டைனமோ துருவேறி இறுகியிருந்தால் குற்றவாளி அதுதான், எஞ்சின் அன்று. மூன்றாவது, எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை என்றால், கிளட்ச் தட்டு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேறு வைத்தியம்.

இந்த மூன்றும் இல்லையென்றால் பிஸ்டன்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏன் பிடிக்கிறது? நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஒரு சிலிண்டரிலாவது வால்வு திறந்தபடி இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகிறது. கெடாவில் மழைக்காலத்து ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பால்மரத்துப் பட்டை காயாமல் வெட்டுக்குப் போக முடியாமல் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறோம்! அந்த ஈரம் சிலிண்டர் சுவரில் படிந்து துருவாகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பதோ தலைமுடி பருமன்கூட இல்லாத இடைவெளி. துரு அங்கே ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துவிடுகிறது. பிஸ்டன் அலுமினியம், ரிங்கும் சுவரும் வார்ப்பிரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமும் அரித்து வெள்ளைப் பொடியாகி இடத்தை இன்னும் நெருக்கும்.

இந்த ஆப்பை முரட்டுத்தனத்தால் எடுக்க முடியாது, ஊறவைத்துத்தான் எடுக்கவேண்டும். நாலு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சமமாகக் கலந்து இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். ஒரு மூங்கில் குச்சியை விட்டு மட்டத்தை அளந்து சுவற்றில் எழுதி வையுங்கள். நாள்தோறும் பார்த்து, குறைந்திருந்தால் மேலும் ஊற்றுங்கள். எண்ணெய் இறங்குகிற சிலிண்டரில் அது ரிங்குகளைச் சுற்றி வேலை செய்கிறது என்று பொருள். ஒரு வாரம் கைவைக்கவே வேண்டாம். பையனுக்கு இது கடினமாக இருக்கும். அவனை அந்த ஒரு வாரத்தில் காடியின் அடித்துருவைச் சுரண்டச் சொல்லுங்கள், சகோதரி.

இங்கே இரண்டு எச்சரிக்கை. தோட்டத்து வீடுகளில் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் பற்றித் தெரியாதவர் இல்லை. "ஆசிட் துருவைத் தின்றுவிடுமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது துருவோடு நிற்காது, பிஸ்டனையும் சுவரையும் சேர்த்துத் தின்னும். சமையல் எண்ணெயும் உதவாது. பழைய வாணலியின் விளிம்பில் பிசின்போல் ஒட்டிக்கிடப்பது எது என்று வீட்டம்மாவைக் கேளுங்கள். அதே பிசின்தான் ரிங்குகளிலும் உண்டாகும்.

ஒரு வாரம் கழித்து, காடியின் முன்பக்கத்துத் துவாரத்தில் இரும்புக் கைப்பிடியை நுழையுங்கள். அந்தக் காலத்து மோரிஸுக்கு அது கூடவே வந்தது. பெரும்பாலும் பின்பெட்டியில் கிடக்கும். அதற்குக் குழாய் மாட்டி நீளமாக்கக்கூடாது. உடம்பின் பலத்தை மெல்லக் கொடுத்து, வலப்புறம் கொஞ்சம், இடப்புறம் கொஞ்சம், தாலாட்டுவதுபோல் ஆட்டவேண்டும். இடப்புறம் அந்தக் கைப்பிடி பிடிக்காவிட்டால், பிளக்குகள் கழற்றியிருக்கும் நிலையிலேயே டாப் கியரில் போட்டு இரண்டு பேர் காடியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளலாம். ஒரு நூலளவு அசைந்தாலும் போதும், அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றுங்கள். நாளைக்கு இரண்டு நூலளவு அசையும்.

இந்த நேரத்தில்தான் லயத்து வாசலில் கூட்டம் கூடும். ஆளுக்கு ஒரு யோசனை. "லாரியில் கட்டி இழுத்து, கிளட்சை விட்டால் தானே சுற்றிவிடும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சுற்றும், மறுப்பதற்கில்லை. அத்தோடு ரிங்கும் நொறுங்கும், பிஸ்டன் தண்டும் வளையும், சிலிண்டர் சுவரில் கோடும் விழும். இருபது வெள்ளி எண்ணெயில் தீரவேண்டிய காரியம் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எஞ்சின் முழுச்சுற்று சுற்றிவிட்டால் உடனே கிளப்பக்கூடாது. ஊற்றிய டீசல் எல்லாம் அடித்தொட்டிக்கு இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கும். அதை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றவேண்டும். மேல்மூடியைத் திறந்து வைத்துக் கையால் சுற்றி, எட்டு வால்வுகளும் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஏறிய வால்வு இறங்காமல் நின்றால், தள்ளுகோல் வளைந்துபோகும். அதன் தண்டிலும் எண்ணெய் விட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விடும்.

பதினைந்து நாள் ஊறியும் அசையாத எஞ்சினும் உண்டு. அதைத் திறந்துதான் ஆகவேண்டும்.

திறக்கப் போகிறவர் முதலில் கருவிப் பெட்டியைப் பார்க்கட்டும். இந்தக் காடியின் நட்டுகள் அங்குல அளவு. இன்று கடையில் மலிவாகக் கிடைப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டால் பொருந்துவதுபோலத்தான் இருக்கும். பலத்தைக் கொடுக்கும்போது வழுக்கி, நட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும். மூலை போன நட்டைக் கழற்றுவது தலைவலியிலும் தலைவலி. அரை அங்குலமும் 9/16 அங்குலமும் நல்லதாக இரண்டே இரண்டு வாங்கினாலும் பாதி வேலை நடக்கும். எண்பது வகை கருவி உள்ள மலிவுப் பெட்டி வேண்டாம்.

முதலில் மாட்டிக்கொள்ளப்போவது தெர்மோஸ்டாட் மூடி. அது அலுமினியம். அதன் ஊடே போகும் மூன்று ஸ்டட்டும் எஃகு. ஆண்டுக்கணக்கில் தண்ணீர் கசிந்து, மூடி ஸ்டட்டோடு பற்றவைத்ததுபோல் இருக்கும். சுத்தியலால் தட்டினால் மூடி உடையும். இங்கேதான் சமையலறை அறிவு உதவும். ஊறுகாய்ப் போத்தலின் தகர மூடி திறக்கவில்லையென்றால் அம்மா என்ன செய்வார்? வெந்நீரில் காட்டுவார். உலோகம் சூட்டில் விரியும். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே மூடியின்மீது கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, எண்ணெய் விட்டு, ஆறவிட்டு, மறுபடி ஊற்றி, மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தால் ஓட்டை விரிந்து ஸ்டட்டை விடும்.

கவனியுங்கள், பிஸ்டனில் கதை தலைகீழ். அங்கே அலுமினியம் உள்ளே, இரும்பு வெளியே. சூடு கொடுத்தால் பிஸ்டன் விரிந்து இன்னும் இறுகும். சூடாக்கிப் பிறகு ஆறவிடும்போதுதான் துருப்படலம் விரிசல் விட்டு எண்ணெய் இறங்கும். சூடாக இருக்கும்போதே இழுத்துப் பார்ப்பது வீண் வேலை. ஐந்தாம் படிவத்துப் பையன் இந்த விரிவுப் பாடத்தைப் பள்ளியில் படித்திருப்பான். தேர்வுத்தாளில் வராத இடத்தில் இப்போது வந்திருக்கிறது.

மேல்தலையைப் பிடித்திருப்பவை ஒன்பது பெரிய நட்டுகள். ஐந்து வெளியே தெரியும், நாலு ராக்கர் தாங்கிகளின் மேலே இருக்கும். ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். தள்ளுகோல்கள் எட்டையும் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, ஒன்று முதல் எட்டுவரை எண் எழுதிச் செருகி வையுங்கள். எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகவேண்டும். தலை ஒட்டிக்கொண்டு வராவிட்டால், இணைப்பில் உளியை விட்டு நெம்பாதீர்கள். வழவழப்பான முகத்தில் பள்ளம் விழுந்தால் பிறகு எந்தக் காஸ்கெட்டும் தண்ணீரைத் தடுக்காது. ஸ்டட்டுகளைச் சுற்றி எண்ணெய் விட்டு, தலையின் தடித்த மூலைகளில் ரப்பர் மரக்கட்டையை வைத்துத் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

தலை வந்துவிட்டதா? இப்போது எந்தச் சிலிண்டர் என்று கண்ணுக்கே தெரியும். மூன்று சிலிண்டர் கறுப்பாகவும் ஒன்று மட்டும் செம்பழுப்பாகவும் இருந்தால் அதுதான். அந்தச் சுவரைத் துணியால் துடைத்துவிட்டு விரல்நகத்தால் மேலிருந்து கீழே இழுங்கள். நகம் தடையில்லாமல் போனால் துரு மேலோடு இருக்கிறது. நகம் தட்டித் தட்டி நின்றால் குழி விழுந்திருக்கிறது. அதைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கடைந்து பெரிதாக்கத்தான் வேண்டும்.

பிஸ்டனை இந்த எஞ்சினில் மேல்வழியாகத்தான் எடுக்கவேண்டும். அடித்தொட்டியைக் கழற்றி, தண்டுகளின் மூடிகளை அவிழ்த்து, சுழல்தண்டை எடுத்துவிட்டு, கீழிருந்து ரப்பர் மரக்கட்டையை வைத்துத் தட்டவேண்டும். அதற்கு முன்பு சிலிண்டரின் மேல்விளிம்பில் இருக்கும் கரியையும் தேய்மானப் படியையும் சுரண்டவேண்டும். ஒவ்வொரு தண்டும் அதன் மூடியும் பிறவி ஜோடி, மாற்றிப் போட்டால் சுழல்தண்டைக் கடித்துவிடும். கூடவே இன்னொன்று: பிஸ்டன் உடைந்தாலும் பரவாயில்லை, பிளாக் உடையக்கூடாது. பிஸ்டனுக்குக் கடையில் விலை இருக்கிறது. அதிகமாகப் போனால் பிஸ்டனைத் துண்டு துண்டாகவே எடுத்துவிடலாம்.

மாற்றுப் பிஸ்டனை எடுத்த எடுப்பில் வாங்கிவிடாதீர்கள். பலர் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். பிளாக்கைப் பட்டணத்துக் கடைசல் கடைக்குக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள். 1098 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் பிறந்தபோது 64.58 மில்லிமீட்டர், 948 எஞ்சினுக்கு 62.94. நமக்கு முன்பே யாராவது ஒரு தடவை கடைந்து பெரிதாக்கியிருக்கலாம். பிஸ்டன்கள் 10, 20, 30, 40 'தவ்' பெரிதாகக் கிடைக்கும். தவ் என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தவ் என்றால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். குழி போகும் அளவுக்கு எவ்வளவு கடையவேண்டும் என்று கடைக்காரர் சொன்ன பிறகு அந்த அளவு பிஸ்டனை வாங்கி அவர் கையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் கடைவதே முறை. 40-க்கும் அடங்காத குழி என்றால் சிலீவ் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். ஒரு சிலிண்டரைப் பெரிதாக்கினால் நாலையும் பெரிதாக்கி, நாலு பிஸ்டனையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் கனமான பிஸ்டன் போட்ட எஞ்சின், ஒரு பக்கம் தண்ணீர் வாளி கட்டிய காண்டாவைப் போல் ஆடிக்கொண்டே போகும்.

புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் தனியாகச் சிலிண்டரில் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை அளவுத்தகட்டால் அளக்கவேண்டும். இந்த எஞ்சினுக்கு ஏறத்தாழ 10 தவ், அதாவது கால் மில்லிமீட்டர் இருக்கவேண்டும். ரிங்கோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வாய் முட்டிக்கொண்டிருந்தால் சூட்டில் விரிந்து மறுபடி ஜாம்! ரிங்குகளை அமுக்கிப் பிஸ்டனை இறக்க ஒரு கருவி உண்டு. இல்லாதவர்கள் மைலோ டின் தகட்டை வெட்டி, விளிம்பை நன்றாக அரத்தால் தேய்த்து, ரப்பர் குழாய் இறுக்கும் வளையத்தால் சுற்றிக்கொள்ளலாம். மேல்தலை நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தவணையில், 40 பவுண்டு-அடி அளவுக்கு இறுக்கவேண்டும். அதற்கான அளவுக் கைப்பிடியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தவ்.

இவ்வளவையும் பதினேழு வயதுப் பையன் செய்வானா என்று சகோதரிக்குத் தோன்றும். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளை அவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் இருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? முழுதும் கழற்றிப்போட்டு, திரும்பப் பூட்டினார். அந்த மனிதர்தான் பின்னாளில் பேருந்துக் கம்பெனி நடத்தி, மோட்டார் செய்து, தொழிற்பயிற்சிக் கூடமும் கண்டார். அவர் பெயரால் கோயம்புத்தூரில் இப்போது பழைய காடிகளுக்கென்றே ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் பழனிக்குப் போகும் வழியில் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம்.

நம் கெடாவை எடுத்துக்கொள்ளுங்கள். குரூணில் மோடேனாஸ் தொழிற்சாலையிலிருந்து 1996-இல் கிரிஸ் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. கூலிமில் இனோக்கோம் தொழிற்சாலையில் 2022 முதல் போர்ஷே காடியையே கோர்த்தார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே அந்த நிறுவனம் கோர்ப்பு வேலையைத் தொடங்கிய முதல் இடம் நம் கூலிம். தோட்டத்துப் பையன்கள் அங்கெல்லாம் வாயிற்காவலுக்கும் பெட்டி தூக்கவும் மட்டுந்தான் போகவேண்டுமா? கூலிமிலேயே அட்டெக் பயிற்சி நிலையம் இருக்கிறது. திறன் சான்றிதழுக்குப் படிக்கலாம். நேர்முகத்தில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், "ஜாம் ஆன எஞ்சினைத் திறந்து, அளந்து, நாலு பிஸ்டன் மாற்றினேன்" என்று சொல்லி, கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டுகிற பையனை எந்த ஆசிரியர் திருப்பி அனுப்புவார்? நானாக இருந்தால் அனுப்பமாட்டேன். ஆகவே கழற்றும் ஒவ்வொரு படியையும் படம் எடுத்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போதும் அது உதவும்.

பணத்தைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். இந்தக் காடிக்காகக் கடன் வாங்காதீர்கள், அதிலும் வட்டிக்காரரிடம் போகவே போகாதீர்கள். பழைய காடியைப் புதுப்பித்துப் பெரும் விலைக்கு விற்றவர்களின் கதையைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். மாதம் ஒரு சாமான் என்று வாங்கினால் ஒரு வருடம் ஆகும், ஆகட்டுமே. முன்பணமாக எதையும் வாங்குமுன், காடியின் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். காலமான பெரியவர் பெயரிலேயே இருந்தால் வாரிசுகள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். என்னென்ன பத்திரம் வேண்டும், காடியின் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஜே.பி.ஜே. முகப்பிலேயே நேரில் கேளுங்கள். காப்பிக்கடைச் சட்ட ஆலோசனை வேண்டாம்.

காடிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது. லயத்துப் பின்புறத்து மண் மழையில் இளகும். தடித்த பலகையைப் பரப்பி, கட்டைகளை அடுக்கி, அதன்மேல் காடி உட்கார்ந்த பிறகே தலையை நீட்டவேண்டும். பழைய பிரேக், கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசியை ஊதாதீர்கள், காற்றுக்குழாயும் பிடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள். பெட்ரோல் தொட்டியில் கிடக்கும் பழைய பெட்ரோலை அடுப்பங்கரைக்கும் சாமி விளக்குக்கும் வெகு தூரத்தில் வைத்து வடியுங்கள்.

எல்லாம் பூட்டியான பிறகு, பிளக்குகளை மாட்டாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, எண்ணெய் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். கைப்பிடியால் கிளப்புவதானால் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளவேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை தானாக நழுவிவிடும், இல்லையேல் மணிக்கட்டு போகும்.

எஞ்சின் ஓடியவுடன் பையன் காடியைத் தோட்டத்துச் சாலையில் எடுக்கப் பார்ப்பான். சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. இத்தனை காலம் கிடந்த காடியில் பிஸ்டன் மட்டுமா இறுகியிருக்கும்? நாலு சக்கரத்துப் பிரேக்கும் இறுகித்தான் இருக்கும். அதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை காடி கட்டைமேலேயே நிற்கட்டும்.